பழைய கேம் கன்சோலைப் புதிய தொலைக்காட்சியுடன் இணைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இருந்த காலத்தில் வந்த கேம் கன்சோல் ஒன்றை இன்றைய தட்டைத் திரையில் இணைக்கப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றுக்குச் செலவே இல்லை. சில வழிகளில் கன்சோலின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்து, அங்கே எச்.டி.எம்.ஐ. போர்ட் மட்டுமே இருப்பதைக் கண்டு, எச்.டி.எம்.ஐ.-யாக மாற்றித் தரும் ஏதேனும் ஒரு பெட்டி போதும் என்று முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது கன்சோலின் பின்புறத்தை. அங்கிருந்து வெளிவரும் சிக்னல் எத்தகையது என்பதைப் பொறுத்தே ஒரு மலிவான பெட்டி முழு நிறைவைத் தருமா, அல்லது அதே பெட்டி விளையாட்டையே கெடுத்துவிடுமா என்பது அமைகிறது. விலையும் படத்தின் கூர்மையும் அதற்கு அடுத்தபடியாகக் கணக்கில் வருபவை.

240பி, 480பி: இரண்டு வகைக் கன்சோல்கள்

அறுபது ஹெர்ட்ஸ் முறையைப் பின்பற்றிய தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், 525 வரிகளைக் கொண்டது. அது ஒரேயடியாக வரையப்படுவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகளும் அடுத்து இரட்டைப்படை வரிகளுமாக, இரண்டு அரைப் பிரேம்களாக வரையப்படும். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் கணக்கிட்டு இதனை 480ஐ என்பார்கள். 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் முதல் சேகா மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64 வரையிலான கன்சோல்கள் இந்த முறையில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தன. ஒவ்வொரு முறையும் ஒரே வரிகளின் மீதே வரையும்படி சிக்னலின் நேரத்தைச் சற்றே மாற்றியமைத்து, ஏறத்தாழ 240 வரிகள் கொண்ட முழுப் படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்பின. இதுவே 240பி எனப்படுவது. ஒளிபரப்புத் தரத்தில் இப்படி ஒரு வடிவம் கிடையாது. ஆயினும் படக்குழாய் எதையும் ஆராய்வதில்லை. வந்த சிக்னலை வந்த கணத்திலேயே வரைந்துவிடும் என்பதால் அங்கே எந்தச் சிக்கலும் எழவில்லை.

தட்டைத் திரையின் உள்ளே இருக்கும் சிப் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. இரண்டு சிக்னல்களிலும் வரிகள் விநாடிக்கு ஏறத்தாழ 15,700 என்ற ஒரே வேகத்தில்தான் வருகின்றன. ஆகவே பெரும்பாலான தொலைக்காட்சிகள் 240பி சிக்னலையும் 480ஐ என்றே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒரே படத்தின் இரண்டு பாதிகள் என்று கருதி ஒன்றுக்குள் ஒன்றைப் பின்னிவிடுகின்றன. இதன் விளைவுகளில் வெறும் மங்கலைக் காட்டிலும் மோசமானவையும் உண்டு. அக்காலத்தில் அடிபட்ட பாத்திரத்தையும் தரையில் விழும் நிழலையும் ஒரு பிரேமில் வரைந்து அடுத்த பிரேமில் வரையாமல் விட்டு, கண்ணில் மினுமினுப்பாகவோ அரைகுறை ஒளிபுகும் தன்மையாகவோ தோன்றச் செய்வது வழக்கம். தவறாகப் பின்னப்பட்ட படத்தில் அந்தப் பாத்திரம் முழுவதும் மறைந்துவிடலாம், அல்லது கோடு கோடாக உறைந்து நிற்கலாம். பின்னுவதற்காக அடுத்த பிரேமுக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதமும் கூடுகிறது.

1998-இல் வந்த டிரீம்காஸ்டிலிருந்து நிலைமை மாறுகிறது. அதன் பெரும்பாலான விளையாட்டுகள் கணினித் திரைகளுக்கான வி.ஜி.ஏ. இணைப்பின் வழியாக 480பி என்னும் முழுமையான, பின்ன வேண்டிய தேவையற்ற சிக்னலைத் தருகின்றன. அதன் பின் வந்த கேம்கியூப், முதல் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் வீ (Wii) ஆகியவற்றிலும் பெரும்பாலான விளையாட்டுகள் இதே தரத்தில் இயங்கும். பிளேஸ்டேஷன் 2-இல் மட்டும் 480பி தரும் விளையாட்டுகள் குறைவு. மற்றவை 480ஐ-யிலேயே நின்றுவிடுகின்றன. 480பி என்பது இன்றைய எண்மத் தொலைக்காட்சிகளுக்கு நன்கு பழக்கமான வடிவம். ஆகவே கன்சோலை 240பி தருவது, 480பி தருவது என்று முதலில் வகைப்படுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிள் என்னும் முதல் செலவு

சிக்னலின் வடிவம் ஒருபுறமிருக்க, அது எந்தக் கம்பி வழியாக வருகிறது என்பது அடுத்த கேள்வி. மிகத் தாழ்ந்த நிலையில் ஆன்டெனா துளை வழியாகச் செல்லும் ஆர்.எஃப். இணைப்பு இருக்கிறது, அதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்தலாம். மஞ்சள் முனை கொண்ட காம்போசிட் கேபிளில் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. கலந்தபின் அவற்றைத் துல்லியமாகப் பிரிக்க எந்தச் சுற்றாலும் முடியாது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் எந்தத் தொலைக்காட்சிக்குள்ளும் இல்லை. எழுத்துகளின் விளிம்பில் ஊரும் புள்ளிகளும் நுண்ணிய கோடுகளின் மீது தோன்றும் வானவில் நிறங்களும் அந்தக் கலப்பின் எச்சங்கள்தாம். எஸ்-வீடியோ இவ்விரண்டையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது. ஆர்.ஜி.பி. கேபிள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றையும் ஒத்திசைவுச் சிக்னலையும் தனித்தனியே தருகிறது. காம்போனென்ட் கேபிள் வேறொரு முறையில் ஏறத்தாழ அதே தரத்தை எட்டுகிறது.

எந்தக் கன்சோலும் எல்லா வகைச் சிக்னலையும் தருவதில்லை. முதல் நின்டெண்டோ கன்சோல் ஆர்.எஃப்., காம்போசிட் ஆகியவற்றுக்கு மேல் போகாது. மெகா டிரைவ் காம்போசிட்டும் ஆர்.ஜி.பி.-யும் தரும், எஸ்-வீடியோ தராது. நின்டெண்டோ 64 பெரும்பாலும் எஸ்-வீடியோவோடு நின்றுவிடும், ஆர்.ஜி.பி. வேண்டுமெனில் உள்ளே கைவைக்க வேண்டும். சூப்பர் நின்டெண்டோவும் முதல் பிளேஸ்டேஷனும் இவை மூன்றையும் தரக்கூடியவை. ஆனால் பின்னாளில் வந்த சிறிய வடிவச் சூப்பர் நின்டெண்டோவில் எஸ்-வீடியோவையும் ஆர்.ஜி.பி.-யையும் நீக்கிவிட்டார்கள் என்பதைப் பழைய பொருள் வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேபிள் வாங்கும்போது கன்சோல் எந்த வட்டாரத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அறுபது ஹெர்ட்ஸ் சூப்பர் நின்டெண்டோவுக்கான ஆர்.ஜி.பி. கேபிளில் ஒவ்வொரு நிறக் கம்பியிலும் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்க வேண்டும். ஐம்பது ஹெர்ட்ஸ் வகைக்கான கேபிளில் அதற்குப் பதிலாக மின்தடைகள் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாற்றி இணைத்தால் படத்தின் ஒளிர்வு தாறுமாறாகிவிடும். உள்ளே ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி உறை இல்லாத கேபிளில் ஒலிக் கம்பிகளிலிருந்து இரைச்சல் கசிந்து படத்தில் கட்டங்களாகத் தெரியும், படம் வெளிச்சமாகும்போது ஒலியிலும் ரீங்காரம் கேட்கும். நல்ல கேபிள் இல்லாமல் விலையுயர்ந்த கருவியை வாங்குவது அந்த இரைச்சலையே பெரிதாக்கிப் பார்ப்பதற்கு ஒப்பானது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் செலவு கேபிளிலிருந்து தொடங்குவதுதான் முறை.

நேரடி இணைப்பு

தொலைக்காட்சியில் காம்போசிட் அல்லது காம்போனென்ட் உள்ளீடு இன்னும் இருந்தால் முதலில் அதையே முயன்று பார்க்க வேண்டும். பல தொலைக்காட்சிகளில் இவ்விரண்டுக்கும் ஒரே துளைதான். பச்சை நிறத் துளையிலேயே மஞ்சள் முனையையும் செருக வேண்டியிருக்கும். வேறு சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர் அளவிலான சிறு துளையும் அதற்கென ஒரு பிரிப்புக் கேபிளும் தரப்படுகின்றன. தொலைக்காட்சியுடன் வந்த அந்தக் கேபிளைத் தேடி எடுப்பது நல்லது, ஏனெனில் வேறு கருவிகளுக்கான கேபிள்களில் உள்ளிணைப்பின் வரிசை மாறியிருக்கலாம்.

இணைத்தபின் படவிகிதத்தை 4:3 என மாற்றி, கேம் முறையை இயக்கி, கூர்மை, இரைச்சல் நீக்கம், அசைவைச் சீராக்குதல் ஆகியவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். பட மேம்பாடுகள் எல்லாம் இயங்கும் நிலையில் சில தொலைக்காட்சிகளின் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தொடும். ஒரு பிரேமின் நீளம் 16.7 மில்லிவிநாடி என்பதால் அது ஆறு பிரேம்களுக்குச் சமம். கேம் முறை இதைப் பெருமளவு குறைக்கும். காம்போனென்ட் உள்ளீடும் 480பி தரும் கன்சோலும் கைவசம் இருப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாமலே போகலாம். 240பி கன்சோலுக்கோ இது ஒரு சோதனை மட்டுமே. நிழல்கள் சரியாக மினுக்கினால், குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்க முடிந்தால், அந்தத் தொலைக்காட்சி 240பி சிக்னலைச் சரியாகப் புரிந்துகொள்ளும் அரிய வகையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

மலிவான மாற்றிப் பெட்டிகள்

காம்போசிட்டை எச்.டி.எம்.ஐ.-யாக மாற்றும் சிறு பெட்டிகளே மிக அதிகமாக விற்கப்படுகின்றன. 240பி கன்சோல் வைத்திருப்பவருக்கு நான் மிகவும் தயக்கத்துடன்கூடப் பரிந்துரைக்க மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். இவற்றின் உள்ளே இருக்கும் சிப் மேலே சொன்ன அதே தவற்றைச் செய்கிறது. 240பி சிக்னலை 480ஐ எனக் கருதிப் பின்னுகிறது, பின்னியதை 720பி அல்லது 1080பி அளவுக்கு மங்கலாக விரிக்கிறது, பெரும்பாலும் 16:9 வடிவத்துக்கு இழுத்தும் விடுகிறது. எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் படத்தைத் தொலைக்காட்சி ஏற்கெனவே அகலத்திரைக்கு உரியது என நம்புவதால் 4:3-க்குத் திருப்பும் அமைப்பு அங்கே கிடைக்காமலும் போகலாம். அதாவது தொலைக்காட்சியில் மஞ்சள் துளை இருக்கும்போது இந்தப் பெட்டியை வாங்குபவர், இலவசமாகக் கிடைத்த குறையைப் பணம் கொடுத்து வாங்குகிறார். மஞ்சள் துளையே இல்லாத தொலைக்காட்சியில், மெதுவாக ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டும், இது ஒரு தற்காலிக ஏற்பாடாகப் பயன்படலாம்.

இதே விலையில் வரும் வேறொரு வகையை இவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. வீ கன்சோலின் பின்னால் நேரடியாகச் செருகும் எச்.டி.எம்.ஐ. அடாப்டர்கள் காம்போனென்ட் சிக்னலையே எடுத்துக்கொள்கின்றன. கன்சோலின் அமைப்பில் 480பி-யைத் தேர்ந்தெடுத்தால் அடாப்டர் அதை எண்மமாக மாற்றி அப்படியே அனுப்பும், பின்ன வேண்டிய வேலை எதுவும் அதற்கு இல்லை. டிரீம்காஸ்டின் வி.ஜி.ஏ. சிக்னலை மாற்றும் எளிய பெட்டிகளும் இவ்வாறே. பிளேஸ்டேஷன் 2-க்கான அடாப்டர்களும் காம்போனென்ட் வழியில் இயங்குபவையே. ஆனால் கன்சோலின் கணினி அமைப்பில் காம்போனென்ட் வெளியீட்டை ஆர்.ஜி.பி.-யிலிருந்து மாற்றி வைக்காவிட்டால் நிறங்கள் தவறாக வரும். பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப்படும் பல அடாப்டர்களில் இருப்பது இந்தப் பிரச்சினைதான். வாங்கும் முன் கவனிக்க வேண்டியது ஒன்றே: எச்.டி.எம்.ஐ. கேபிள் என்ற பெயரில் விற்கப்படும் பொருளின் உள்ளே காம்போசிட் மாற்றி ஒளிந்திருக்கிறதா என்பது. எந்தச் சிக்னலை எடுக்கிறது என்று விவரத்தில் சொல்லப்படாத பொருளைக் காம்போசிட் என்றே கொள்வது பாதுகாப்பானது.

கேம்கியூபுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் தொடக்ககால வடிவத்தில் எண்மச் சிக்னல் தரும் தனி போர்ட் ஒன்று இருந்தது. பின்னாளில் வந்த வடிவத்தில் அது நீக்கப்பட்டது. அந்த போர்ட் உள்ள கன்சோலுக்கு ஜி.சி.வீடியோ என்னும் திறந்தமூல வடிவமைப்பைக் கொண்ட எச்.டி.எம்.ஐ. அடாப்டர்கள் பல நிறுவனங்களிடமிருந்து கிடைக்கின்றன. சிக்னல் அனலாக்காக மாறும் முன்பே எடுக்கப்படுவதால் அதன் தூய்மைக்கு ஈடு இல்லை. போர்ட் இல்லாத கேம்கியூபை வைத்திருப்பவர், கேம்கியூப் தட்டுகளை ஏற்கும் தொடக்ககால வீ ஒன்றைத் தேடுவது மலிவான மாற்றாகும்.

வரிகளைப் பெருக்கும் கருவிகள்

240பி கன்சோல் வைத்திருப்பவரின் உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. இவ்வகைக் கருவி ஒரு முழுப் பிரேமைச் சேமித்து வைத்து ஆராய்வதில்லை. ஒரு வரி வந்ததும் அதை இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ திரும்ப எழுதி உடனே அனுப்பிவிடுகிறது. 240பி சிக்னலில் ஒரு வரியின் நேரம் ஏறத்தாழ 63.5 மைக்ரோவிநாடி, சில வரிகளின் அளவே தாமதம் என்பதால் அதை இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஓ.எஸ்.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் திறந்தமூல ஸ்கேன் கன்வெர்ட்டர் இவ்வகையில் பெயர்பெற்றது. ஸ்கார்ட் என்னும் பல ஊசி இணைப்பான் வழியாக வரும் ஆர்.ஜி.பி., காம்போனென்ட், வி.ஜி.ஏ. ஆகியவற்றை ஏற்று 240பி-யை ஐந்து மடங்கு வரை பெருக்கும். கூர்மையில் குறை சொல்ல இடமில்லை, ஆனால் அதன் வரம்புகள் கருவியின் இயல்பிலேயே இருக்கின்றன. கன்சோலின் நேரக்கணக்கு எதுவோ அதுவே தொலைக்காட்சிக்குச் செல்கிறது. சூப்பர் நின்டெண்டோ விநாடிக்கு 60.09 பிரேம் அனுப்பினால் தொலைக்காட்சியும் அதையே ஏற்க வேண்டும். சில தொலைக்காட்சிகள் இரண்டு மடங்கை ஏற்று நான்கு, ஐந்து மடங்குகளை மறுத்துவிடும். விளையாட்டின் நடுவே 240பி-யிலிருந்து 480ஐ-க்கு மாறும் கன்சோல்களில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தொலைக்காட்சி புதிய சிக்னலைக் கண்டுபிடிக்கும் வரை சில நொடிகள் திரை கறுத்துவிடும். 480ஐ சிக்னலை இக்கருவி ஒவ்வொரு அரைப் பிரேமையும் விரித்துக் காட்டுவதால் படம் மேலும் கீழும் சிறிதாகத் துடிக்கும். பிளேஸ்டேஷன் 2-ஐ மட்டும் வைத்திருப்பவருக்கு இது தோதான கருவி அன்று. காம்போசிட்டையும் எஸ்-வீடியோவையும் இது நேரடியாக ஏற்பதில்லை என்பதால் மாற்றம் செய்யப்படாத முதல் நின்டெண்டோவுக்கும் நின்டெண்டோ 64-க்கும் உதவாது.

அந்த இடத்தை நிரப்புவது ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வரிசை. காம்போசிட், எஸ்-வீடியோ, காம்போனென்ட் ஆகியவற்றை ஏற்று வரிகளை இரண்டு மடங்காக்கி 480பி-யாக அனுப்பும். அமைப்புப் பட்டியல்களில் அலைய வேண்டியதில்லை, செருகினால் இயங்கும். 480பி-யிலிருந்து திரையின் முழு அளவுக்கு விரிக்கும் வேலை தொலைக்காட்சியிடம் விடப்படுவதால் இறுதிப் படத்தின் மென்மையோ மங்கலோ அதன் கையில் இருக்கிறது. இருந்தும் 240பி சரியாகக் கையாளப்படுவதும் தாமதம் கூடாததும் உறுதியாகிவிடுகின்றன. மலிவான மாற்றிப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதற்கும் மிக விலையுயர்ந்த கருவிக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது என்பது என் மதிப்பீடு.

மின்னணு வேலையில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜி.பி.எஸ்.-கண்ட்ரோல் (GBS-Control) என்றொரு வழி உண்டு. பழைய மாற்றிப் பலகை ஒன்றில் சிறு வை-ஃபை கட்டுப்பாட்டுச் சிப்பைச் சேர்த்துப் புதிய மென்பொருளால் இயக்குவது அது. ஆர்.ஜி.பி., காம்போனென்ட் சிக்னல்களை ஏற்று 480ஐ-யையும் நன்றாகவே கையாளும். செலவு குறைவு, சால்டரிங் செய்யும் பொறுமையும், கைபேசியின் உலாவியில் அமைப்புகளை மாற்றிப் பார்க்கும் ஆர்வமும் வேண்டும்.

முழு அப்ஸ்கேலர்கள்

பிரேமைச் சேமித்து, ஆராய்ந்து, தொலைக்காட்சிக்கு உகந்த நேரக்கணக்கில் புதிதாக வெளியிடும் கருவிகள் அடுத்த படியில் இருக்கின்றன. முன்பு ஃபிரேமைஸ்டர் என்னும் கருவி இந்த இடத்தில் இருந்தது. அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 2021-இல் வந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ் காம்போசிட் முதல் ஸ்கார்ட் வரை எல்லாவற்றையும் ஏற்று 1080பி-யும் 1440பி-யும் தரும். 2023-இல் வந்த ரெட்ரோடிங்க் 4கே 2160 வரிகள் வரை செல்வதுடன், எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டையும் ஏற்கிறது. அசைவுள்ள பகுதியையும் அசையாத பகுதியையும் தனித்தனியே கையாண்டு 480ஐ-யைச் சீராக்குவதில் இவை வரிப்பெருக்கிகளை வெகுதூரம் விஞ்சுகின்றன. பிரேமைச் சேமிப்பவை என்றாலும் இவற்றை ஒத்திசைந்த முறையில் வைத்தால் தாமதம் ஒரு பிரேமைவிட மிகக் குறைவாகவே இருக்கும். தொலைக்காட்சி அந்த நேரக்கணக்கை மறுத்தால் மட்டும் கூடுதல் சேமிப்பு முறைக்கு மாறி, சிறிது தாமதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

4கே வெளியீட்டின் பயனை வெறும் கூர்மையாகப் பார்ப்பது சரியன்று. 240 வரிகளை 1080 வரிகளில் விரித்தால் ஒவ்வொரு வரிக்கும் நான்கரை வரி கிடைக்கிறது; அந்த அரைவரியால் சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் தோன்றும், அல்லது ஐந்து மடங்காக்கி மேலும் கீழும் சிறிது வெட்ட வேண்டும். 2160 வரிகளிலோ ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒன்பது வரி. அந்த ஒன்பது வரிகளுக்குள் பழைய படக்குழாயின் வரி இடைவெளிகளையும் நிறப் புள்ளிகளின் அமைப்பையும் நுட்பமாக வரைந்து காட்ட இடம் இருக்கிறது.

இது வெறும் அலங்காரம் அன்று. அன்றைய ஓவியர்கள் படக்குழாயையும் காம்போசிட் கேபிளின் குழைவையும் கணக்கில் கொண்டு வரைந்தார்கள். மெகா டிரைவின் பல விளையாட்டுகளில் நீர்வீழ்ச்சியும் நிழலும் ஒன்றுவிட்டு ஒன்றாக நெடுங்கோடுகளாக வரையப்பட்டிருக்கும். காம்போசிட்டில் அவை கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் மெல்லிய திரை போல ஆகிவிடும். ஆர்.ஜி.பி. வழியாகக் கூர்மையாகப் பார்த்தால் வெறும் கம்பி வேலியாகத் தெரியும். மிகக் கூர்மையான படமே மிகச் சரியான படம் என்று கருதிப் பணம் செலவிடுபவர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நல்ல அப்ஸ்கேலரின் மதிப்பு இந்தக் குழைவை விரும்பிய அளவுக்குத் திரும்பக் கொண்டுவரும் வசதியிலும் இருக்கிறது.

ஒரே ஒரு கன்சோலுக்காக இவ்வளவு விலை கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நான்கைந்து கன்சோல்கள், அவற்றுள் 240பி, 480ஐ, 480பி எல்லாம் கலந்து இருப்பவை, 4கே திரை ஆகியன உள்ள வீட்டில் கணக்கு மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடாப்டர் வாங்குவதைக் காட்டிலும் ஒரே கருவி மேல்.

கன்சோலின் உள்ளே மாற்றம் செய்தல்

சில கன்சோல்களின் உள்ளே கூடுதல் பலகை ஒன்றைப் பொருத்தி நேரடி எச்.டி.எம்.ஐ. வெளியீடு பெறலாம். சிக்னல் அனலாக்காக மாறும் முன்பே எடுக்கப்படுவதால் கேபிள் இரைச்சல் என்ற பேச்சே இல்லை. காம்போசிட்டுக்கு மேல் தராத முதல் நின்டெண்டோவுக்கும், எஸ்-வீடியோவில் நின்றுவிடும் நின்டெண்டோ 64-க்கும் இது பொருளுள்ள வழி. நெருக்கமான கால்களைக் கொண்ட சிப்களில் நேர்த்தியாகச் சால்டர் செய்ய வேண்டியிருப்பதால் தேர்ந்த கையிடம் ஒப்படைப்பதே நல்லது. செலவு ஒரு நல்ல அப்ஸ்கேலரை நெருங்கிவிடலாம், பயனோ அந்த ஒரு கன்சோலுக்கு மட்டும். எல்லாக் கன்சோல்களையும் விற்றாலும் இதை விற்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்குப் பிடித்த கன்சோலுக்கே இது தகும்.

கன்சோலையே மாற்றுதல்

இணைப்பதற்கான வழிகளை ஒப்பிடும்போது, அந்தக் கன்சோல்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டியது விளையாட்டு மட்டும் எனில் பழைய கன்சோலைப் போலவே செயல்படும் மென்பொருளாகக் கணினியில் இயங்கும் எமுலேட்டர் மேலே சொன்ன பெரும்பாலான சிக்கல்களைத் தாண்டிவிடும். ரெட்ரோஆர்க் மென்பொருளில் உள்ள ரன்-அஹெட் என்ற வசதி, விளையாட்டின் உள்ளேயே இருக்கும் தாமதத்தையும் குறைக்கவல்லது. அந்த ஒரு விஷயத்தில் உண்மையான கன்சோலையே முந்த முடியும். விளையாட்டுப் பிரதிகளைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய கன்சோலின் சுற்றுகளை வன்பொருளிலேயே மறுபடி அமைக்கும் எஃப்.பி.ஜி.ஏ. வகை இன்னொன்று: டி.இ.10-நானோ பலகையை அடிப்படையாகக் கொண்ட மிஸ்டர் திட்டம் பல கன்சோல்களை ஒரே பெட்டியில் தருகிறது. அனலாக் நிறுவனத்தின் சூப்பர் என்.டி., மெகா எஸ்.ஜி. போன்றவை பழைய கார்ட்ரிட்ஜ்களையே ஏற்கின்றன. கையில் கார்ட்ரிட்ஜ்கள் நிறைய உள்ளன, கன்சோலோ பழுதடைந்து கிடக்கிறது என்பவருக்கு இது அப்ஸ்கேலரைவிடச் சிக்கனமாகவும் அமையலாம்.

படக்குழாய்த் தொலைக்காட்சியைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வழியே. இடம், எடை, பழுது பார்ப்பவர் கிடைக்காமை ஆகியவற்றை நினைத்தால் எல்லோருக்கும் அதைச் சொல்ல முடியாது. மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறப்பது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அக்காலத்து ஒளித் துப்பாக்கி விளையாட்டுகளை அவற்றின் அசல் துப்பாக்கியோடு ஆட விரும்புவோருக்கு மாற்று இல்லை. படக்குழாயில் படம் வரையப்படும் நேரத்தை நம்பியே அந்தத் துப்பாக்கிகள் இலக்கைக் கண்டறிகின்றன; எத்தனை விலையுள்ள அப்ஸ்கேலரும் தட்டைத் திரையில் அவற்றை இயக்காது.

எதிலிருந்து தொடங்குவது

வீ, டிரீம்காஸ்ட், எண்ம போர்ட் உள்ள கேம்கியூப் ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருப்பவர் அதற்குரிய எளிய அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்; அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு காசும் மிகச் சிறிய முன்னேற்றத்தையே தரும். மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவருக்கு நல்ல ஆர்.ஜி.பி. அல்லது காம்போனென்ட் கேபிளும் ஒரு வரிப்பெருக்கியும் சேர்ந்த ஏற்பாடே விலைக்கு மிகப் பொருத்தமானது. நின்டெண்டோ 64-க்கு எஸ்-வீடியோ கேபிளும் அதை ஏற்கும் ரெட்ரோடிங்க் போன்ற கருவியும் போதும். பிளேஸ்டேஷன் 2-இல் நிறைய ஆடுபவர் 480ஐ-யை நன்றாகக் கையாளும் கருவிக்காகச் சேமிப்பது மேல். அதுவரை ஒரு காம்போனென்ட் அடாப்டரை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியே 480ஐ-யைக் கையாளட்டும் என்று விட்டுவிடலாம், ஏனெனில் அந்த வடிவம் தொலைக்காட்சிக்குத் தெரிந்ததே.

பல கன்சோல்களை ஒரே கருவியில் இணைக்கப் போகிறவர் சுவிட்ச் பெட்டியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தி மாற்றும் மிக மலிவான ஸ்கார்ட் பெட்டிகளில் ஒரு கன்சோலின் சிக்னல் பக்கத்துக் கன்சோலின் படத்தில் கசியும். ஆகவே அவற்றை வாங்கினால் ஒரு நேரத்தில் ஒரு கன்சோலுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பயன்படுத்தாத உள்ளீடுகளை முழுவதும் துண்டித்து, இயங்கும் கன்சோலைத் தானே கண்டறியும் வகையில் இந்தக் கசிவு இராது. விலை கூடுதலாக இருந்தாலும் அதையே முதலில் விசாரிக்கலாம்.